60 கிலோவாட் ஷெட்டு சோலார்: கிழக்கு சரிவு மட்டும் ஏன் இவ்ளோ கூட காட்டுது? எந்த வெதர் ஃபைல் எடுக்கிறது?

மாங்கூழ்_ஷெட்டு:

வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க பெரியப்பா மாங்கூழ் யூனிட் வச்சிருக்காரு, ஷெட்டு மேல 60 கிலோவாட் போடலாம்னு இருக்கோம், ஷீட்டு ரெண்டு பக்கமும் 10 டிகிரி சரிவு, கிழக்க பாத்து 30 கிலோவாட், மேற்க பாத்து 30 கிலோவாட். கொட்டேஷன் குடுத்தவர் வருஷத்துக்கு ஒரு லட்சம் யூனிட்னு ஒரே வரியில எழுதிக் குடுத்துட்டு போயிட்டாரு, எப்படினு கேட்டா சாஃப்ட்வேர் சொல்லுச்சுங்கறாரு. சரி நாமளே பாத்துருவோம்னு சாம்னு ஒரு சோலார் கணக்கு சாஃப்ட்வேர் எறக்கி (ஃப்ரீதான்) உக்காந்து ரெண்டு வாரமா மண்டை காயுது.

வெதர் டேட்டா நாசா பவர் சைட்ல எடுத்தேன், 2020ம் வருஷம், மணி வாரியா, யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துல. 8784 வரி இருந்துச்சு, சாம் ஏத்துக்கல, 8760தான் வேணுங்குது, அதனால கடைசி 24 வரிய அழிச்சிட்டேன். அப்புறம் நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னாடி இல்லையா, எக்செல்ல அரை வரி தள்ள முடியாதே, அஞ்சு வரி கீழ தள்ளி கடைசியில வழிஞ்சத மேல கொண்டு போய் ஒட்டி, தலைப்புல டைம் ஸோன் 5.5னு போட்டேன். அரை மணி நேரத்துல என்ன கெட்டுடப் போவுதுனு நெனச்சேன்.

ரிசல்ட்டு: கிழக்கு 49,300, மேற்கு 46,100, மொத்தம் 95,400. ஒரே சரிவு, ஒரே பேனல், நடுவுல ஒரு மரம் கூட இல்ல, எப்படிங்க 7 பர்சன்ட் வித்தியாசம்? இந்த வருஷ டேட்டாவும் ஒரு தடவ எறக்கி மாச சராசரி போட்டு பாத்தேன், கடைசி மாசம் மைனஸ்ல வருது. வெயிலு மைனஸ்ல அடிக்குமா.

பிவிஜிஐஎஸ், மீட்டியோநார்ம், பெங்களூர் ஈபிடபிள்யூனு ஆளுக்கு ஒரு வெதர் டேட்டா பேர சொல்றாங்க. எதத்தான் நம்புறது?

உச்சிப்பொழுது:

தம்பி, உங்க கேள்வியிலயே விடை இருக்கு, "அரை மணி நேரத்துல என்ன கெட்டுடப் போவுது"னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் கெட்டுச்சு.

சாஃப்ட்வேர் ரெண்டு வேலை செய்யுது. சூரியன் எங்க நிக்குதுனு நேரத்த வச்சு தானா கணக்கு போட்டுக்கும், எவ்ளோ வெயிலுங்கறத உங்க ஃபைல்ல இருந்து எடுத்துக்கும். நீங்க அஞ்சு மணி நேரம் தள்ளிட்டு அஞ்சரைனு சொல்லிட்டீங்க, அதனால காலை 9 மணினு எழுதியிருக்கிற வரியில உண்மையில ஒம்பதரை மணி வெயிலு உக்காந்திருக்கு. சூரியன் தாழ இருக்கு, ஆனா வெயிலு மட்டும் பலமா அடிக்குதுனு சாம் நம்பிடுது, கிழக்க பாத்த பேனலுக்கு அள்ளிக் குடுக்குது. சாயங்காலம் அதுக்கு நேர் எதிர், மேற்குக்கு வெட்டு. ஆனா மொத்தத்துல பாருங்க, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி சமமாயிடும். தெற்கு பாத்து போடுறவங்க பல பேருக்கு இந்த தப்பு இருக்கிறதே தெரியாம போறது அதனாலதான்.

சோதிக்க சுலபமான வழி. மார்ச்ல மேகமே இல்லாத ஒரு நாள எடுத்து ஜிஎச்ஐய (மட்டமான தரையில விழுற மொத்த வெயிலு) கோடா வரைங்க, மணி மாதிரி ஒரு உருவம் வரும், அதோட நடு உச்சி எத்தன மணிக்குனு பாருங்க. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி 78.2 பக்கம், ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக 17 நிமிஷம் லேட்டாதான் நமக்கு உச்சி. வருஷம் பூரா அதுவும் ஆடிக்கிட்டே இருக்கும், நவம்பர் ஆரம்பத்துல 12:01க்கே வந்துரும், பிப்ரவரி நடுவுல 12:31 ஆயிடும். மார்ச்ல 12:20, 12:25ல இருக்கணும். உங்க ஃபைல்ல 11:50, 11:55 காட்டும், பந்தயம் கட்டுறேன். எந்த சைட்ல எந்த ஃபைல் எறக்குனாலும் நான் மொதல்ல பாக்குறது இதத்தான்.

சரி பண்ண மூணு வழி. அஞ்சு வரி தள்ளுனது அப்படியே இருக்கட்டும், தலைப்புல 5.5ஐ 5னு மாத்துங்க, அவ்ளோதான், சூரியனும் வெயிலும் ஒட்டிக்கும், மெஷின் ஓடுற லோடு மட்டும் அரை மணி விலகி நிக்கும், உங்களுக்கு அது பெருசில்ல. இல்லனா தள்ளாம யுடிசியாவே விட்டு 0னு போடலாம், ஆனா லோடோட சேத்து பாக்கணும்னா தொல்லை. இல்லனா என்எஸ்ஆர்டிபின்னு அமெரிக்காக்காரங்க வெயில் டேட்டா சைட் இருக்கு, அதுல மணிக்கும் கம்மியான இடைவெளி இருக்கிற ஃபைலா எறக்குங்க, அரை மணிய சுத்தமா தள்ளிக்கலாம்.

நாசாவுலயே எல்எஸ்டினு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது நம்ம ஐஎஸ்டினு (இந்திய நேரம்) நெனச்சு எடுத்துராதீங்க, அது அந்தந்த எடத்து சூரியன வச்சு போடுற வேற நேரம்.

இன்னொண்ணு, 2020 லீப் வருஷம். நீக்க வேண்டியது பிப்ரவரி 29. நீங்க டிசம்பர் 31ஐ தூக்கிட்டீங்க, அதனால மார்ச்சுலருந்து எல்லாம் ஒரு நாள் நகந்து கெடக்கு. யூனிட்டுல பெருசா தெரியாது, ஆனா லீவு நாள வச்சு லோடு போட்டா தெரியும். மைனஸ் வெயிலுக்கு காரணம் -999. டேட்டா இன்னும் வரலங்கறதுக்கு நாசா போடுற அடையாளம் அது, அதையும் சேத்து சராசரி போட்டா அமாவாசை கணக்கா இருண்டுதான் போகும்.

ஓசூர்_இன்வெர்ட்டர்:

நானும் இந்த தொழில்ல இருக்கறவன், கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன் கோச்சுக்காதீங்க. ஃபைல வச்சு இவ்ளோ மல்லுக்கட்ட வேண்டியதில்ல. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், 60க்கு வருஷம் 87,600, இதுதான் நாங்க வாயில சொல்ற கணக்கு, பெரும்பாலும் ஒத்துப் போகும். ஒரு லட்சம்னு எழுதிக் குடுத்தவர் ஃபைல்ல தூசி, ஒயர் லாஸ் எல்லாத்துக்கும் ஜீரோ போட்டிருப்பாரு. பக்கத்துல யாராவது ஷெட்டு மேல போட்டிருந்தா போய் ஒரு டீ குடிச்சிட்டு அவங்க மொபைல்ல இன்வெர்ட்டர் ஆப்ப பாருங்க, எந்த சேட்டிலைட்டும் வேணாம்.

தூசிய மட்டும் விட்டுராதீங்க. பர்கூர் ரோட்ல கிரானைட் பாலிஷ் யூனிட் பக்கத்துல ஒரு சைட்டு, பங்குனியில போய் பாத்தா பேனல் மாவு மில்லு மாதிரி இருக்கு. கழுவுறாங்க, அதுவும் போர் தண்ணியில, காஞ்சதும் வெள்ளையா உப்பு படிஞ்சு நிக்குது, கழுவாமலே இருந்திருக்கலாம். இது எந்த வெதர் ஃபைல்லயும் வராது.

உச்சிப்பொழுது:

அண்ணா, ஆப்ப பாக்கணுங்கறது சரி, நானும் பாக்கத்தான் சொல்வேன், ஆனா அதுல இருக்கிறது வெயிலோட கணக்கு மட்டும் இல்லையே. கரன்ட் போனா ஆன்கிரிட் (ஈபி லைனோட சேந்து ஓடுற) இன்வெர்ட்டரும் நின்னுரும், பக்கத்து ஷெட்டுல ஒரு ஃபேஸ் பிரச்சினை ஒரு வாரம் இருந்தா அந்த மாசமே கம்மியாதான் காட்டும், அவரு தெற்கு பாத்து போட்டிருப்பாரு, கழுவியிருக்க மாட்டாரு. அந்த நம்பர அப்படியே எடுத்தா அவரோட சோம்பேறித்தனமும் சேந்து வந்துரும். தூசிக்கு சாம்லயே மாசம் மாசமா போட எடம் இருக்கு, மாசி பங்குனிக்கு கூட்டி, மழை மாசத்துக்கு கொறச்சு போடுங்க.

பாலக்கோடு_வாத்தி:

லேட்டா வர்றேன். எல்லாரும் வருஷ மொத்தத்தையே பேசுறீங்க, தம்பிக்கு அது முக்கியமே இல்லனு எனக்கு படுது. மாங்கூழ் யூனிட்டு. அல்போன்சா முடிஞ்சு பெங்களூரா காய் லாரி லாரியா வர்றது ஜூன் ஜூலை, ராத்திரி பகலா மெஷின் ஓடும், மத்த மாசம் கோல்டு ரூமு மட்டும்தான். நம்ம ஊர்ல வெயிலு கொளுத்துறது பிப்ரவரியிலருந்து ஏப்ரல் வரைக்கும், அப்ப உங்களுக்கு வேலையே இல்ல. ஆனி ஆடியில பாத்தீங்கன்னா மழை பெருசா பெய்யாது, ஆனா மேகம் ஓடிக்கிட்டே இருக்கும். ஆக கரன்ட் வேணுங்கற நேரத்துல வெயில் மந்தம். வருஷ மொத்தம் சரியா இருந்து ஜூன் ஜூலை தப்பா இருக்கிற ஃபைலு உங்களுக்கு உதவாது.

அந்த கண்ணோட பாத்தா எந்த ஃபைலுங்கறது தானா தெளியும்.

பெங்களூர் ஈபிடபிள்யூ வேணாம். அது கட்டடத்துக்கு ஏசி கணக்கு போட செஞ்ச ஃபைலு, பெங்களூரு, ஓசூரு எல்லாம் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமாரா 500, ரெண்டரை டிகிரி வெப்பம் வித்தியாசம் வரும், பேனலு சூடானா டிகிரிக்கு 0.35 பர்சன்ட் கிட்ட எறங்கும், அதுலயே ஒரு பர்சன்ட் போச்சு. அத விட அங்க ஆடி மாச மேகமே வேற.

நாசா டேட்டா நீண்ட காலத்துக்கு இருக்கு, மணி வாரி வெயிலு 2001லருந்து கெடைக்குது, அது பெரிய பலம். ஆனா வெயிலுக்கு அதோட கட்டம் ஒரு டிகிரி, நூத்திப்பத்து கிலோமீட்டர். அட்சரேகை 12லருந்து 13, தீர்க்கரேகை 78லருந்து 79னு ஒரு கட்டம் போட்டா தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், திருப்பத்தூர், ஏலகிரி எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள, எல்லாருக்கும் ஒரே வெயிலு. தமாஷ் என்னன்னா ஓசூரும் பென்னாகரமும் 78க்கு மேற்கால வர்றதால பெங்களூரோட சேந்துரும், ஒகேனக்கல்லுக்கும் பெங்களூர் மெஜஸ்டிக்குக்கும் ஒரே வானம்! என்எஸ்ஆர்டிபியில புது சேட்டிலைட் ஃபைல்ல கட்டம் சில கிலோமீட்டர்தான், உங்களுக்கு அது பொருந்தும்.

மீட்டியோநார்ம் கெட்டதுனு சொல்லல, பிவிசிஸ்ட்ங்கற சோலார் டிசைன் சாஃப்ட்வேர்ல கூடவே வருது, ஆனா அது மாச சராசரிய வச்சு மணிக்கணக்க செயற்கையா உருவாக்குறது, ஜூன் 14 சாயங்காலம் 3 மணினு அதுல இருக்கிறது எந்த வருஷத்து ஜூன் 14ம் இல்ல. டிஎம்ஒய்யும் (வழக்கமான ஒரு வருஷம்னு செஞ்ச ஃபைலு) ஒட்டுப்போட்ட துணிதான், ஜனவரி ஒரு வருஷத்தோடது, பிப்ரவரி இன்னொரு வருஷத்தோடது, எது சராசரிக்கு நெருக்கமோ அத எடுத்து தச்சிருப்பாங்க. டிசைனுக்கு நல்லது. ஆனா பேனல் போட்டப்புறம் "போன ஜூன்ல ஏன் கம்மியா வந்துச்சு"னு பாக்க அந்த ஜூனோட உண்மை டேட்டாதான் வேணும். அதே மாதிரி 2020ங்கற ஒரே ஒரு வருஷத்த வச்சு 25 வருஷத்துக்கு முடிவு பண்ணாதீங்க. பத்து வருஷ ஃபைல தனித்தனியா எறக்கி ஒரே ஃபோல்டர்ல போட்டா சாமே பி50, பி90 கணக்கு போட்டுக் குடுக்கும். பி50ன்னா பாதி வருஷம், பி90ன்னா பத்துல ஒம்போது வருஷம் அதுக்கு மேலதான் வரும்னு அர்த்தம், லோனுக்கு போனா பேங்க்ல பி90ஐத்தான் கேப்பாங்க.

ஃபைலுக்கு பேர ஒழுங்கா வைங்க. ஊரு, எங்க எடுத்தது, எந்த வருஷம், எந்த நேரம், என்னைக்கு எறக்குனது, எல்லாம் பேர்லயே இருக்கட்டும். எறக்குன ஒரிஜினல தொடவே கூடாது, காப்பியிலதான் வெட்டு ஒட்டு. எக்செல்ல தெறந்து சேவ் பண்ணாலே அது தேதிய தன் இஷ்டத்துக்கு திருப்பி 3/4ஐ 4/3 ஆக்கிரும், நானே ஒரு தடவ ஏப்ரல் வெயில மார்ச்சுல வச்சுக்கிட்டு ஒரு வாரம் முழிச்சேன்.

மாங்கூழ்_ஷெட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மார்ச் கோடு வரைஞ்சேன், உச்சி 11:50க்கு நிக்குது, அண்ணா பந்தயம் ஜெயிச்சிட்டாரு. 5னு மாத்துனதும் கிழக்கு 48,200, மேற்கு 46,900, மொத்தம் 95,100. மொத்தம் மூணு நூறுதான் மாறுச்சு! மிச்சம் இருக்கிற வித்தியாசம் மத்தியானத்துக்கு மேல மேகம் கட்டுறதாலனு நெனக்கிறேன், சரிதானா?

அப்புறம் ஓசூர் அண்ணா சொன்னது நெஜம், நானும் தூசிக்கு ஜீரோதான் போட்டிருந்தேன். என்எஸ்ஆர்டிபி ஃபைல் மாத்தி, மாசாமாசம் தூசி போட்டதுக்கு அப்புறம் 89,000 கிட்ட வருது, அவரு வாய் கணக்குக்கு பக்கத்துல வந்து நிக்குது, ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சது தண்டமானு தெரியல. ஆனா வாத்தியார் அண்ணன் சொன்ன மாதிரி மாசம் பிரிச்சு பாத்தேன், மார்ச்ச விட ஜூலை ரொம்பவே கம்மி. பெரியப்பாகிட்ட லேப்டாப்ப காட்டுனா அவரு வருஷ மொத்தத்த பாக்கவே இல்ல, "ஜூலையில எவ்ளோடா"னு மட்டும் கேட்டாரு, கேட்டுட்டு "அப்ப 60 எதுக்கு, சீசன் இல்லாதப்ப மிச்சத்த யாரு வாங்குவா, என்ன ரேட்டுக்கு"ன்னாரு. நாளைக்கு 40 போட்டு ஓட்டிப் பாக்கணும்.

கடைசியா ஒண்ணு. ஷெட்டுக்கு மேற்கால ஒரு பாறை குன்னு இருக்கு, சாயங்காலம் சீக்கிரமே நெழல் விழுது. சேட்டிலைட் ஃபைல்ல அது வந்திருக்குமா?

உச்சிப்பொழுது:

வராது தம்பி. கட்டம் கிலோமீட்டர் கணக்குல இருக்கு, உங்க குன்னு அதுக்கு கண்ணுல படாது. பிவிஜிஐஎஸ்ல உங்க எடத்த குறிச்சா சுத்தி இருக்கிற மலையோட உயரத்த டிகிரி வாரியா தனி ஃபைலா குடுக்கும், பெரிய மலைக்கு சரி, பக்கத்து பாறைக்கு அதையும் நம்பாதீங்க. ஷெட்டு மேல ஏறி நின்னு மொபைல்ல காம்பஸ் ஆப்பும் சாய்வு பாக்குற ஆப்பும் வச்சு மேற்கு பக்கம் பத்து பத்து டிகிரிக்கு ஒரு தடவ அளந்து எழுதுங்க, அத சாம்ல நெழல் பட்டியல்ல போடுங்க. ஷீட்டு மேல ஏறும்போது போல்ட்டு அடிச்ச வரிசையில மட்டும் கால வைங்க.