கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சேர்ந்து வீடில்லாக் குடும்பங்களைத் தங்கவைத்தல்: வாரமுறை சரிவருமா?

கேள்வி: வடக்கு_வாசி

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயில், இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிவாசல், ஒரு சீக்கியக் குருத்துவாரா என ஐந்து நிர்வாகக் குழுக்கள் சேர்ந்து, வீடிழந்த குடும்பங்களுக்குத் தற்காலிகமாக இடம் கொடுக்கப் பேசி வருகின்றன. எல்லார் வாயிலும் அடிபடுவது அமெரிக்க முறைதான். 1986இல் நியூ ஜெர்சியில் கேரன் ஓல்சன் தொடங்கியது, இப்போது அதன் பெயர் ஃபேமிலி பிராமிஸ். குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு சபையாக மாறி மாறித் தங்கும்; 13 சபைகள் கைகோத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நான்கு வாரம்தான் பொறுப்பு. ஒரு நேரத்தில் 3 முதல் 5 குடும்பங்கள், மொத்தம் 14 பேர் வரை. குளிக்க, துணி துவைக்க, வேலை தேட, பகலில் பொதுவான ஒரு நிலையம் இருக்கும்.

இதை இங்கே அப்படியே செய்ய முடியுமா? அனுமதிக்கு யாரிடம் போவது, சாப்பாட்டை எப்படிப் பொதுவாக வைப்பது, எத்தனை தொண்டூழியர்கள் தேவை? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குடும்பசேவை_மாலதி

நல்ல முயற்சி. ஆனால் குடும்பங்களை வாராவாரம் இடம் மாற்றும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் அந்த முறை பிறந்ததற்குக் காரணம், எந்த ஒரு சபையாலும் ஆண்டு முழுதும் இடம் தர முடியாது, ஞாயிறுப் பள்ளி வகுப்பறைகளோ வார நாள்களில் காலியாகக் கிடக்கும் என்பதே. அங்கேயே கிளைகள் பலவும், குறிப்பாக 2020க்குப் பிறகு, ஒரே இடத்தில் தங்கவைக்கும் முறைக்கு மாறிவிட்டன. உங்களிடம் இருப்பது ஐந்து இடங்கள். கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்து வாரத்துக்கு மேல் மண்டபத்தைக் காலி செய்து தர வேண்டும். எந்தக் கோயில் மண்டபம் அதற்கு ஒத்துவரும்?

அதைவிடப் பெரிய சிக்கல் பிள்ளைகள். தொடக்கநிலைப் பள்ளி காலை 7.30க்குத் தொடங்கும். பள்ளிப் பேருந்து வாராவாரம் வேறு வாசலுக்கு வராது. ஆகவே ஐந்து இடங்களில் குளியலறையும் தனி நுழைவாசலும் உள்ள ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் உறங்குமிடமாக்குங்கள். மற்ற நான்கும் முறைவைத்து ஆள், சாப்பாடு, துணி துவைத்தல், பிள்ளைகளுக்குப் பாடம் என்று எடுத்துக்கொள்ளட்டும். மாறுவது தொண்டூழியர்கள்தான், குடும்பம் இல்லை.

இன்னொன்று. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022 நவம்பரில் எடுத்த கணக்கில் வெளியில் உறங்கியவர்கள் 530 பேர். பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் அந்த மாதிரிக் கணக்கில் பெரும்பாலும் தென்பட மாட்டார்கள். உறவினர் வீட்டு முன்னறை, நண்பர் வாடகைக்கு விட்ட ஓர் அறை, மலிவு ஹோட்டல் என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ‘புளோக்குக் கீழே போய்த் தேடுவோம்’ என்று ஆள் அனுப்பினால் நீங்கள் உதவ நினைக்கும் குடும்பம் கிடைக்காது. அவர்களை முதலில் அறிவது பள்ளி ஆசிரியரும் குடும்ப சேவை நிலையமும்தான்.

பதில்: அனுமதி_அன்பர்

மாலதி அக்கா சொன்னதை ஏற்கிறேன். அனுமதி விவரத்தை நான் சொல்கிறேன்.

வழிபாட்டுத் தலம் என்று ஒதுக்கிய கட்டடத்தில் ஆள்களை இரவு தங்கவைப்பது வேறு பயன்பாடு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தையும் தீயணைப்பைக் கவனிக்கும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையையும் கேட்காமல் ஒரு மெத்தைகூட விரிக்காதீர்கள். தனித்தனியாக விண்ணப்பிப்பதைவிட, முதலில் அமைச்சிடம் போய் 2019இல் அமைந்த பியர்ஸ் கட்டமைப்பில் சேர்வது நல்லது. வெளியில் உறங்குவோருக்காக வழிபாட்டுத் தலங்களும் சமூக அமைப்புகளும் தங்கள் இடத்தைத் திறந்துவிடும் ‘பாதுகாப்பான உறங்குமிடம்’ ஏற்பாடு அதன்கீழ்தான் நடக்கிறது. அவை பெரும்பாலும் தனிநபர்களுக்கு, இரவு நேரத்துக்கு மட்டும். பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு அமைச்சின் நிதியில் நடக்கும் இடைக்காலத் தங்குமிடங்கள் தனியே உண்டு. அங்கே இடம் கிடைக்கும்வரை ஒரு பாலமாக இருக்கப் போகிறீர்களா, அல்லது அந்தத் தங்குமிடங்களுக்குத் துணையாகச் சாப்பாடும் ஆளும் கொடுக்கப் போகிறீர்களா என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இரண்டாவது வழி சின்னதாகத் தெரியலாம். ஆனால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.

தானாக வாசலுக்கு வருபவரை அப்படியே சேர்த்துக்கொள்ளாதீர்கள். குடும்ப சேவை நிலையமோ சமூக சேவை அலுவலகமோ அனுப்பியவர்களைத்தான் சேர்க்க வேண்டும். இரக்கம் இல்லாமல் சொல்லவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டு விண்ணப்பத்துக்குச் சமூக ஊழியர் ஒருவரின் துணை பெரிதும் உதவும். அண்மையில் வீட்டை விற்றவர்கள், விவாகரத்து இன்னும் முடியாதவர்கள், துணைவர் நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்கள், இவர்கள் விண்ணப்பமெல்லாம் தனி மேல்முறையீடாகப் போகலாம். அதைத் தொண்டூழியர் தனியாக எழுதுவது கடினம். நேரில் வருபவருக்குக் காம்கேர் (அரசு நிதியுதவி) எண் 1800-222-0000ஐ வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கூடவே உட்கார்ந்து அழைத்துப் பேசவும் உதவுங்கள்.

வீட்டில் அடி உதைக்குப் பயந்து வெளியேறிய தாயை இந்த ஏற்பாட்டில் சேர்க்கவே கூடாது. பலர் வந்துபோகும் மண்டபத்தின் முகவரி ஒரே நாளில் கணவர் காதுக்கு எட்டிவிடும். அவருக்கு முகவரி வெளியில் தெரியாத நெருக்கடிக்கால இல்லம் வேண்டும். வன்முறைக்கு எதிரான உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

கடைசியாக, சமயப் பரப்புரை அறவே கூடாது. பிரார்த்தனைக்கு அழைப்பதும், துண்டுப் பிரசுரத்தைத் தலையணை அருகே வைப்பதும், ‘ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து பாருங்களேன்’ என்பதும் இதில் அடங்கும். இரவல் கூரையின்கீழ் இருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐந்து குழுவும் இதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பதில்: மண்டபம்_பொறுப்பு

முறைப்பட்டியல் போடுபவர் முதலில் ஐந்து குழுக்களின் சமய நாள்காட்டிகளையும் மேசையில் விரிக்க வேண்டும். தைப்பூசம், நவராத்திரி, தீமிதி நாள்களில் கோயில் தொண்டூழியர் ஒருவரும் கிடைக்க மாட்டார். பெருமாள் கோயிலென்றால் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் போய்விடும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் ஆள்கள் தராவீஹ் தொழுகை முடிந்து வர இரவு பத்தாகும். அந்த மாதம் அவர்களுக்கு மாலை வேளையை விட்டுவிட்டு, எப்படியும் சஹர் உணவுக்கு எழுபவர்கள் என்பதால் விடியற்காலைப் பொறுப்பைக் கேட்டுப் பாருங்கள். தேவாலயத்துக்குப் புனித வாரமும் கிறிஸ்துமஸும், சீனச் சபையானால் சீனப் புத்தாண்டும். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், அதனால் போன ஆண்டுப் பட்டியலை நகலெடுத்தால் இடிக்கும்.

ஆள் கணக்கு: 14 பேருக்கு மாலையில் நால்வர், இரவில் இருவர், காலையில் ஒருவர். நாளுக்கு 7, வாரத்துக்கு 49 இடம். ஒருவர் இரண்டு முறை வந்தால் 25 பேர் போதும். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்காக இன்னும் ஐந்து பேரைக் கூடுதலாக வையுங்கள். இரவு இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பாடம் சொல்லிக்கொடுப்பதும் திறந்த இடத்தில்தான்.

சாப்பாடு: ஐந்து தரப்பும் கைநனைக்கக்கூடியது சைவம். 14 பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, அரைக் கிலோ பருப்பு, இரண்டு கிலோ காய். பிள்ளைகளுக்கு டெம்பே (புளித்த சோயா), டோஃபு, பால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதக்கணக்கில் எல்லாரையும் சைவமாக்குவது நியாயமில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஹலால் சான்றிதழ் பெற்ற கடையில் கோழி வாங்கலாம், மாடும் பன்றியும் தவிர்த்து. கெட்டுப்போவது எங்கே என்றால், அன்பாகக் கொண்டுவரும் பீஹூனில் (அரிசிச் சேமியா). நண்பகலில் சமைத்ததை இரவு ஏழு மணிக்குக் கொடுப்பார்கள். சமைத்து நான்கு மணி நேரம் தாண்டியதை வாங்காதீர்கள், சமைத்த நேரத்தைப் பெட்டிமேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கோயிலை உறங்குமிடமாகத் தேர்ந்தால் மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, துக்கத் தீட்டு என்ற பேச்சு கட்டாயம் வரும். ஒரு பெண்ணை அந்த நாள்களில் வெளியே போகச் சொல்வது கொடுமை. சன்னிதி வளாகத்துக்கு வெளியே தனிப் படியும் தனிக் கழிவறையும் உள்ள மண்டபம் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோயில் சமையலை ஏற்கட்டும், படுக்கை வேறிடத்தில் இருக்கட்டும்.

வடக்கு_வாசி

மிக்க நன்றி. ஒரு தேவாலயத்தின் பக்கக் கட்டடம் பொருத்தமாகத் தெரிகிறது, இரண்டு குளியலறைகள் உண்டு. படுக்கைக்கு அன்பளிப்பாக மெத்தைகள் வருகின்றன, வாங்கிக்கொள்ளலாமா? தடுப்புக்கு என்ன செய்வது?

பதில்: இரவுக்காவல்_ரஹீம்

வேண்டாம் அண்ணே. மூட்டைப்பூச்சி பழைய மெத்தையிலும் மரக்கட்டிலிலும் ஒளிந்து வரும். இரும்புச் சட்ட மடக்குக் கட்டில், புது மெத்தை, அதற்கு ஜிப் வைத்து முழுதாக மூடும் உறை வாங்குங்கள். வரும் துணி எல்லாவற்றையும் சூடான உலர்த்தியில் அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீரில் அலசுவதால் அது சாகாது, சூட்டில்தான் சாகும். குடும்பத்தின் துணியை மட்டும் போடாமல் தொண்டூழியர் கொண்டுவரும் போர்வையையும் சேர்த்துப் போடுங்கள், யாரும் கூசிப்போக மாட்டார்கள். பைகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, குடும்பத்துக்கு மூன்று.

தடுப்பு தீப்பற்றாத துணியில், சக்கரம் வைத்து இருக்கட்டும். மேலே நீர்தெளிப்பானுக்குக் கீழே அரை மீட்டராவது விடுங்கள். வெளியேறும் வழியில் எதுவும் நிற்கக்கூடாது, குழந்தை வண்டிதான் அடிக்கடி அங்கே நிறுத்தப்படும். அன்றிரவு உள்ளே யார் யார் என்ற பட்டியல் வாசலில் தொங்க வேண்டும், தீயணைப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டு குளியலறைக்குக் காலை 5.30 முதல் குடும்பத்துக்கு இருபது நிமிடம் என்று எழுதி ஒட்டினால் பள்ளிப் பிள்ளைகள் தப்பிப்பார்கள். இன்சுலினுக்கும் தாய்ப்பாலுக்கும் சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்று, சாப்பாட்டுக் குளிர்ப்பெட்டியோடு சேர்க்காமல்.

பதில்: குடும்பசேவை_மாலதி

ரஹீம் சொன்ன பட்டியலில் பெயரும் படுக்கை எண்ணும் போதும். அடையாள அட்டையை நகலெடுத்து வைக்காதீர்கள். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ ஒழிய அமைப்புகள் அந்த எண்ணையோ நகலையோ வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதி. பிள்ளைகளின் படம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போகக்கூடாது.

கடிதத்தை யாரும் யோசிப்பதில்லை. முகவரி மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய வீட்டுக்குப் போகும் வீவக கடிதத்தைப் புதுக் குடியிருப்பாளர் தூக்கிப் போட்டுவிடுவார், நேர்காணல் தேதி தவறிவிடும், விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து. குடும்பம் வந்த முதல் வாரத்திலேயே எந்த முகவரியைப் பதிவது, கடிதம் யார் கைக்கு வரும் என்று சமூக ஊழியரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். தேவாலய முகவரி என்றால் அலுவலகத்தில் யார் கடிதத்தைப் பிரிக்காமல் அன்றே கொடுப்பார் என்று ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.