காலடிப்பேட்டை வீடு - வளைகாப்பு

விஜி: நம் பூனை நெத்திலி நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. ஓயாத தும்மல். மூக்கில் பச்சையாகக் கட்டியிருக்கு, ஒரு கண் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை 😔

கோமதி அத்தை: ஞாயிற்றுக்கிழமை 60 பேர் வருகிற வீடு. மாசமான பெண் வேறு. தினேஷ், காசிமேட்டில் விட்டுவிட்டு வா. மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்.

தினேஷ்: முடியாது.

செல்வி அக்கா: வளையல் எம்.சி. ரோட்டிலா, பாரிமுனையிலா?

பாஸ்கர் சித்தப்பா: விஜி, பயப்படாதே. பூனைச் சளிக்குப் பெரும்பாலும் ரெண்டு வைரஸ்தான் காரணம். ஹெர்பிஸ், கலிசி. பூனைக்கு வரும் இவை மனிதருக்கு ஒட்டாது. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கிவிடும். கூட்டம், இடமாற்றம் என்று பூனை மிரண்டால் மறுபடி தலைகாட்டும். பெயின்ட் அடிக்கிறோம் என்று சாமானெல்லாம் இழுத்துப் போட்டீர்களே, அதுவாகக்கூட இருக்கலாம். காசிமேட்டில் விட்டால் இன்னும் மோசம். நாக்கில் புண் இருக்கிறதா பார். இருந்தால் கலிசி என்று சந்தேகப்படலாம்.

செல்வி அக்கா: சித்தப்பா, வளையல்?

கோமதி அத்தை: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

தினேஷ்: அத்தை வேண்டாம்!!! அம்மா படித்துவிட்டார்கள்!!

பாஸ்கர் சித்தப்பா: அக்கா, குழந்தைகளின் சளி சிரப் பலதில் பாராசிட்டமால் இருக்கும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காமல் போய்விடும். ஒரே மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

விஜி: அம்மா கரண்டியில் ஊற்றியே விட்டார்கள். பிடுங்கிக் கொட்டிவிட்டேன்.

கோமதி அத்தை: எனக்கென்ன தெரியும் பாஸ்கரு. நீதான் யூடியூபில் டாக்டருக்குப் படித்தவன்.

பாஸ்கர் சித்தப்பா: மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது. வாசனை தெரியாமல் பூனை தட்டில் வாய் வைக்காது. சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியும், நெத்திலி குண்டு வேறு. சங்கராவை உப்பு காரமில்லாமல் அவித்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக மூக்குக்கு நேரே நீட்டு. தைலம் கிய்லம் தடவாதே. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே கிளம்பு. எப்படியும் இன்றைக்கே வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அந்தக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து

செல்வி அக்கா: வரலாறு வேண்டாம் சித்தப்பா 🙏

ரவி மாமா: மச்சான், முதலில் உங்கள் டாமியின் குறட்டையைக் கவனியுங்கள். செல்வி கல்யாணத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை.

பாஸ்கர் சித்தப்பா: பக் நாய்க்கு மூக்குத்துளை குறுகல், உள்ளே அண்ணம் நீளம். குறட்டை அதனால்தான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

ரவி மாமா: டாமியையா, உங்களையா? 😂

கோமதி அத்தை: அந்தக் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததும் ஞாபகம் இருக்கு.

செல்வி அக்கா: ஆரம்பிச்சாச்சு.

பாஸ்கர் சித்தப்பா: இன்னொன்று. மலப்பெட்டியை விஜி தொடக்கூடாது. சளிக்காக இல்லை, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்காக. தினேஷ் அள்ளட்டும்.

தினேஷ்: எப்போதும் நான்தான் அள்ளுகிறேன். பைக்கில் எப்படிக் கொண்டுபோவது? கூடை இல்லை.

ரவி மாமா: ஆட்டோ பிடி.

கோமதி அத்தை: சரி, ஞாயிறு மட்டும் மாடி அறையில் அடைத்து வையுங்கள்.

விஜி: அந்த அறையை நீங்கள்தானே கேட்டீர்கள்?

கோமதி அத்தை: அப்புறம் பார்க்கலாம்.

ரவி மாமா: கலந்த சாதத்தில் புளியோதரை உண்டுதானே?

தினேஷ்: ஆட்டோ வந்தாச்சு. தண்ணீர் லாரிக்கு யாராவது சொல்லிவிடுங்கள், நான் இன்னும் சொல்லவில்லை.