தவிலுக்குத் திரும்புகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை: 20 மாதப் பையன்

காவிரிக்கரை அம்மா | நவம்பர் 24, இரவு 10.50

வணக்கம். எங்கள் ஊர் திருவையாறு. பையனுக்கு வருகிற பங்குனியில் இரண்டு வயது நிறையும். கேள்வி சிறியதுதான், முன்கதைதான் நீளம். வீடு அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் குழந்தை வளர்ச்சிக்கு இரண்டு பஞ்சாங்கங்கள். ஒன்று, தடுப்பூசி விவரமெல்லாம் எழுதித் தருகிற அட்டை. இன்னொன்று என் மாமனார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேரன் பிறந்த நாளிலிருந்து பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். கையை ஊன்றித் தலையை ஆட்டினால் செங்கீரை, கைதட்டினால் சப்பாணி. அதுவரை எல்லாம் கணக்குப்படி நடந்தது. அடுத்து முத்தம், அதுவும் கொடுத்துவிட்டான், எச்சிலோடு. வருகைப் பருவம்தான் வரவே இல்லை. "இன்னும் சப்பாணியிலேயே நிற்கிறான்" என்று இவர் இலக்கணம் பேசப்போக, மாமியார் அதை ஊர் வழக்கில் புரிந்துகொண்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் தவழவும் இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு காலைத் துடுப்புப்போல் போட்டு நகர்வான். அக்னி நட்சத்திர வெயிலில் முற்றத்துச் சிமெண்டுத் தரை மட்டும்தான் குளிர்ச்சி. இந்தக் கோடியில் நுங்கை வைத்தால் அந்தக் கோடியிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்து சேர்வான். நுங்கின் கண்ணுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, நீர் பீச்சியடித்து மூக்கில் பட்டதும் யார் செய்தது என்பதுபோல் எங்களைச் சுற்றிப் பார்ப்பான். தச்சரிடம் சொல்லி நடைவண்டி செய்து கொடுத்தோம். அதைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நடந்தது ஆடிப்பெருக்கு அன்று, 16ஆம் மாதத்தில். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து காவிரி நிறைந்து ஓடியது. புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தெருப்பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவனுடைய கயிறு நழுவி எங்கள் வாசலில் விழுந்தது. இவன் திண்ணையைப் பிடித்து எழுந்தான், கயிற்றை எடுத்தான், நான்கு அடி நடந்தான். சப்பரம் பின்னாலேயே வந்தது. என் கையிலிருந்த காப்பரிசிக் கிண்ணம் போன இடம் தெரியவில்லை. மாமனார் மட்டும் நிதானமாக, "வருகையைத் தாண்டி நேரே சிறுதேருக்குப் போய்விட்டான்" என்றார்.

கால் வந்துவிட்டது. இப்போது கவலை வாயைப் பற்றி. அவனிடம் இருப்பவை ஏழு சொற்கள்: அம்மா, பூ, மா (மாடு), கா (காக்கை), மம்மு, டுய் (பஸ், லாரி, தவளை மூன்றும்), தா. இந்தத் 'தா' தாத்தாவுக்கும் உண்டு, 'கொடு' என்பதற்கும் உண்டு. ஆடியில் இந்த ஏழு. கார்த்திகையிலும் இதே ஏழு. இடையில் ஐப்பசி மழையில் மூன்று முறை சளி. துணி காயவில்லை, மூக்கும் காயவில்லை.

இன்னொன்று. அடுக்களையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல சமயம் திரும்புவதில்லை. ஆனால் தெருவில் தவில் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான், தீபாவளிச் சரவெடிக்கு வீறிட்டு அழுதான். ஒரு தனியார் மருத்துவர் அவன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். மாமியார், "இவன் அப்பன் மூன்று வயதில்தான் பேசினான்" என்கிறார். என் தங்கை உடனே வேறு மருத்துவரிடம் காட்டச் சொல்கிறாள். காத்திருக்கலாமா, கூடாதா?

---

இரட்டையர் அப்பா | நவம்பர் 25, காலை 6.15

சகோதரி, நடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கும் சற்று மேல்வரை விரிந்திருக்கிறது. உட்கார்ந்தே நகர்கிற பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுவார்கள். என் இரட்டையரில் ஒருத்தி 11 மாதத்தில் நடந்தாள். மற்றவள் 15 மாதம் வரை அக்காளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டாள். இன்று இருவரையும் ஈரோட்டுச் சந்தையில் ஒரே கையால் பிடிக்க முடியவில்லை. நடைவண்டி வாங்கினீர்களே, நல்லது. உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் வண்டி வாங்காமல் விட்டீர்களே, அது அதைவிட நல்லது. படியில் உருண்டு அடிபடுகிறார்கள் என்று கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

பேச்சைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. செல்போன் காட்டிச் சோறு ஊட்டுகிறீர்களா? அப்படியானால் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் சோறு அன்றிரவு தரையில்தான் இருந்தது, ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

---

பொள்ளாச்சிப் பாட்டி | நவம்பர் 25, காலை 9.40

கண்ணு, நான் ஐந்து பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டியவள். வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவு, பேச்சு தானாக வரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அன்று வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு எண்ணெயைக் காதிலும் விடு. பையன் பேசாமல் எங்கே போகப்போகிறான்?

---

செவி மதுரை | நவம்பர் 25, மதியம் 1.20

பாட்டியம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. காதில் எண்ணெய் வேண்டாம், நாக்கில் வசம்பும் வேண்டாம். நான் செவித்திறன் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். வெளியில் தெரியாத ஓட்டை சவ்வில் இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகும்.

காவிரிக்கரை அம்மா, காத்திருக்க வேண்டாம். பயப்படவும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டவை இரண்டு: மூன்று முறை சளி, தவிலுக்கு மட்டும் திரும்புவது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சாய்ந்திருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது அடைத்துக்கொண்டால் சவ்வுக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. அதனால் யாருக்கும் தெரியாது. பிள்ளை மட்டும் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டவன்போல் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். தவில் கேட்கும், வெடி கேட்கும், கைதட்டல் கேட்கும். 'சோறு', 'செருப்பு' என்பவற்றின் முதல் எழுத்து கேட்காது. கேட்காத எழுத்தை அவன் எப்படித் திருப்பிச் சொல்வான்? கைதட்டிப் பார்ப்பது காதுப் பரிசோதனை ஆகாது, யார் செய்தாலும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது, நிழல் விழாமல் பின்னால் மூன்றடி தள்ளி நின்று ஒரு காகிதப் பொட்டலத்தை மெல்லப் பிரியுங்கள். அவனுக்குப் பிடித்த தின்பண்டமாக இருக்கட்டும். இது பரிசோதனைக்கு மாற்று அல்ல, உங்களைக் கிளப்புவதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மாவட்டந்தோறும் அமைக்கச் சொன்னது, கட்டணம் கிடையாது. நடுக்காது அழுத்தம் பார்க்கும் பரிசோதனைக்குச் சில விநாடிகள் போதும். காதில் ஒரு சிறு முனையைப் பொருத்துவார்கள், திரையில் ஒரு கோடு வரும். மலைபோல் உயர்ந்து இறங்கினால் நல்லது. தரைபோல் தட்டையாக வந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கலாம் என்று பொருள்.

சொற்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது. 'அம்மா வா' போல. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

---

காவிரிக்கரை அம்மா | நவம்பர் 26, இரவு 11.05

எங்கள் ஊர்ப் பண்டம் அசோகா, பாசிப்பருப்பில் செய்வது. அவனுக்கு உயிர். கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை அவன் முதுகுக்குப் பின்னால் பிரித்தேன். காகிதம் எனக்குச் சரசரவென்று கேட்டது, உள்ளே படுத்திருந்த மாமனாருக்குக் கேட்டு "அசோகாவா?" என்றார். இவன் திரும்பவே இல்லை. நெய் வாசனை வந்த பிறகுதான் திரும்பினான்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக இவனை எத்தனை முறை பிடிவாதக்காரன் என்று திட்டியிருப்பேன்!

பாட்டியம்மா, வசம்புக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் 'பேர் சொல்லா மருந்து'. பேர் சொல்லாத பிள்ளைக்கு அதைக் கொடுத்து என்ன பயன் என்று மாமனார் கேட்கிறார். அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

---

காவிரிக்கரை அம்மா | டிசம்பர் 5, இரவு 10.20

தஞ்சாவூரில் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு வந்தோம். போகும்போது நல்ல மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டு எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் "டுய்" சொன்னான். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றதில், பக்கத்துப் பெண் குழந்தையின் செருப்பைக் கழற்றித் தன் காலில் போட்டுக்கொண்டான். அதுவும் ஒரு முன்னேற்றம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு காதிலும் கோடு தட்டை. செவி மதுரை சொன்னது அப்படியே. மருத்துவர் ஓர் இளம்பெண். ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலும் தானே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்து வாருங்கள், வற்றவில்லையென்றால் அப்போது யோசிப்போம் என்றார். அதுவரை சாம்பிராணிப் புகை வேண்டாம், படுக்கவைத்துப் புட்டிப்பால் வேண்டாம், காதில் எண்ணெய் கூடவே கூடாது. பேசும்போது அவன் உயரத்துக்குக் குந்தி, முகம் பார்த்துப் பேச வேண்டும்.

மாமியார் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாம்பிராணிக் கரண்டியைப் பரண்மேல் ஏற்றினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

---

செவி மதுரை | டிசம்பர் 6, காலை 8.00

நல்லது. மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பேச ஆரம்பித்துவிட்டான் என்று சொல்லி மறு பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

காவிரிக்கரை அம்மா | மார்ச் 11, மாலை 6.30

குறித்து வைத்தேன், போய்வந்தேன். வலது காதில் கோடு மலையாக வந்தது. இடது காதில் சிறு மேடு. மேலும் ஆறு வாரம் கழித்து ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இடையில் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு நான் வைத்த புள்ளிகளையெல்லாம் துடைத்தான். குந்திப் பேசச் சொன்னார்கள் அல்லவா, கோலம் அதற்கு நல்ல வசதி. புள்ளி, பூசணிப்பூ, கோலமாவு, குளிர் என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருந்தேன். 'புள்ளி' என்பதை முதலில் 'புய்யி' என்றான். ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக்கரைக்குத் தூக்கிப்போனோம். பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியதும் தன் காதுகளைக் கையால் பொத்திக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்களுக்கு அது ரசனைக் குறைவாகத் தெரிந்திருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொற்களை எண்ணுவதை நாற்பதோடு நிறுத்திவிட்டேன். தவளை இப்போது 'டுய்' இல்லை, 'தவ்வ'.

நேற்று அடுக்களையில் அவனுக்குத் தெரியாமல் அசோகாப் பொட்டலத்தைப் பிரித்தேன். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் சடக்கென்று திரும்பி ஓடிவந்தான். நான் கையை உயர்த்திக்கொண்டேன். என்னைவிட்டு ஊஞ்சலில் இருந்த மாமனாரிடம் போய், என் பக்கம் கையைக் காட்டி, "தாத்தா, தா" என்றான். ஏழு மாதமாக ஒரே எழுத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு சொற்கள், தனித்தனியாக.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளி சரி, ஏவல் சரி. வாக்கியத்தில் பிழை இல்லை" என்று முழுப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டார். இப்போது இன்னொன்று வாங்கி வரச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். இவனும் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.