ஐபி மாறினால் நெட் நின்றுவிடுகிறது

கேள்வி: வீட்டு ரவுட்டரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம், ஃபயர்வால் அதிலேயே உள்ள பிஎஃப். இணைப்பு அறுந்து திரும்பும்போதெல்லாம் டிஹெச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) புது ஐபி முகவரி தருகிறது, உடனே உள்ளே எந்தக் கணினிக்கும் நெட் இல்லை. விதிகளை மறுபடி ஏற்றினால்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: நாட் (உள் கணினிகளின் முகவரியை வெளி முகவரியாக மாற்றும்) விதியில் வெளி இடைமுகத்தின், அதாவது இணையப் பக்கம் உள்ள நெட்வொர்க் இணைப்பின், பெயரை வெறுமனே எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் விதிகளை ஏற்றும் நொடியில் இருந்த முகவரியே பதிந்துவிடும். பெயரை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், முகவரி மாறும்போது பிஎஃப் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம்.

பதில் 2: லினக்ஸ் என்றால், நிலையான முகவரியை எழுதும் எஸ்நாட் விதிக்குப் பதில், இடைமுகத்தின் அப்போதைய முகவரியை எடுத்துக்கொள்ளும் மாஸ்கரேட்.

பதில் 3: சரி, ஆனால் பழைய ஐபியில் திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும்) இணைப்பு எப்படியும் அறுந்துவிடும். அப்புறம், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைவதானால் டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரில் அடைய உதவும் சேவை) வேண்டும், அதற்குப் புது ஐபியைத் தெரிவிக்க டிடிகிளையன்ட் என்ற நிரல் போதும். டிடிஎல் (அந்தப் பெயருக்கான முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) மட்டும் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேட்டவர்: அடைப்புக்குறி போட்டு மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், நெட் தானாகவே வந்துவிட்டது. மிக்க நன்றி.