இரண்டு ரேம் பொருத்தியும் சிங்கிள் சேனலிலேயே ஓடுகிறது. எந்த ஸ்லாட்டில் போட வேண்டும்?

வினா

வணக்கம். முதன்முறையாக உதிரிப் பாகங்களை வாங்கி நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்திருக்கிறேன். ரைசன் 5 5600ஜி செயலி, பி550 சிப்செட் மதர்போர்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தியுள்ளேன்; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. போர்டில் உள்ள நான்கு ஸ்லாட்டுகளில், செயலிக்கு அருகில் இருக்கும் முதல் இரண்டிலும் ரேம்களை அடுத்தடுத்துப் பொருத்தினேன். கணினி முதல் முயற்சியிலேயே இயங்கிவிட்டது. ஆனால் எளிய விளையாட்டுகள்கூடத் திணறுகின்றன. சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் சிங்கிள் என்றும், டிராம் (அதாவது ரேம்) அதிர்வெண் ஏறத்தாழ 1200 மெகாஹெர்ட்ஸ் என்றும் காட்டுகிறது. டூயல் சேனலை இயக்குவதற்கு பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஏதேனும் மாற்ற வேண்டுமா? 3200 என்று அச்சிட்டிருக்கும் ரேம் 1200-இல் ஓடுவது ஏன்? பின்னாளில் இன்னொரு 16 ஜிபி சேர்க்கவும் எண்ணியிருக்கிறேன். அதையும் மனத்தில் வைத்து வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. முதலில் சேனலைப் பற்றிச் சொல்கிறேன்.

சேனல் என்பது ரேமின் பண்பு அன்று. செயலிக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரிலிருந்து ஸ்லாட்டுகளுக்குச் செல்லும் தடம். உங்கள் செயலியிலிருந்து அப்படி இரண்டு தடங்கள் புறப்படுகின்றன. நான்கு ஸ்லாட் கொண்ட போர்டுகளில் பொதுவாகச் செயலிக்கு அருகிலுள்ள இரண்டும் ஏ தடத்தையும், அடுத்த இரண்டும் பி தடத்தையும் சேர்ந்தவை. நீங்கள் இரண்டு ரேம்களையும் ஏ தடத்திலேயே வைத்துவிட்டதால், பி தடம் முழுவதும் வெறுமனே கிடக்கிறது. பயாஸில் இதற்கென மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. தடத்துக்கு ஒன்றாக ரேமைப் பொருத்தினால் போர்டு தானாகவே டூயல் சேனலுக்கு மாறிவிடும்.

செயலியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில், அதாவது ஏ2, பி2 என்று குறித்திருப்பவற்றில் பொருத்துங்கள். ஒன்றிலும் மூன்றிலும் வைத்தாலும் டூயல் சேனல் கிடைக்கும். ஆனால் இன்றைய போர்டுகள் பெரும்பாலானவற்றில் கம்பித்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதல் ஸ்லாட்டில் மட்டும் ரேம் இருந்தால், அதற்கு அப்பால் இரண்டாவது ஸ்லாட் வரை வெறுமனே நீளும் துண்டுத் தடத்தில் மின்சைகை மோதித் திரும்பி வந்து, அதிக வேகத்தில் பிழைகளை உண்டாக்கும். போர்டுடன் வந்த கையேட்டில் உள்ள படத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இதில் இறுதிச் சொல் அதனுடையதே.

டிடிஆர்4-இல் ஒரு தடத்தின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 3200 வேகத்தில் அது வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரவைக் கடத்தும்; இரண்டு தடங்கள் சேர்ந்தால் 51.2 ஜிகாபைட். 2400 வேகத்தில் (சிபியு-இசட் காட்டும் 1200-இன் இருமடங்கு), ஒரே தடத்தில், இப்போது நீங்கள் பெறுவது அதிகபட்சம் 19.2 ஜிகாபைட். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கெனச் சொந்த நினைவகம் இருக்கும்; உங்கள் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியோ செயலியுடன் சேர்ந்து இதே ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது. விளையாட்டுகள் திணறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும்: டூயல் சேனல் ஒரு தரவு வந்துசேர எடுக்கும் நேரத்தைக் குறைப்பதில்லை, ஒரே நேரத்தில் கடந்துசெல்லக்கூடிய தரவின் அளவைத்தான் கூட்டுகிறது. ஆகவே உரை தட்டச்சு செய்வதிலோ இணையத்தில் உலாவுவதிலோ பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2

வேகத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். டிடிஆர் வகை ரேம் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தரவை அனுப்புவதால், சிபியு-இசட் காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 1200 என்றால் 2400. உங்கள் ரேமில் பழுது ஏதும் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3200 என்பது எக்ஸ்எம்பி என்ற தனி அமைப்பாக ரேமின் சிறு சிப்பில் பதிந்திருக்கிறது. நீங்கள் பயாஸில் அதை இயக்கும் வரை போர்டு பாதுகாப்பான அடிப்படை வேகத்திலேயே ஓட்டும். ஏஎம்டி செயலிகளுக்கான சில போர்டுகளில் இதே அமைப்பு டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். இயக்கியதும் ரேமின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு உயரும். அந்த ரேம் அதற்கென்றே சோதிக்கப்பட்டது என்பதால் அஞ்ச வேண்டாம்.

முதலில் ஸ்லாட்டை மாற்றி, கணினி ஒழுங்காக இயங்குவதைப் பார்த்த பிறகே எக்ஸ்எம்பியை இயக்குங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டுத் திரை வராமல் போனால், காரணம் எதுவென்று கண்டுபிடிப்பது கடினம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றினேன். இப்போது மின்விசிறிகள் சுழல்கின்றன. திரையில் எதுவும் வரவில்லை. போர்டில் டிராம் என்ற சிறு விளக்கு அணையாமல் எரிகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி 3

கவலைப்படாதீர்கள், பத்தில் ஒன்பது முறை இது ரேம் முழுமையாக உள்ளே இறங்காததால்தான் வருகிறது. பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே தாழ்ப்பாள் இருக்கும். அந்தப் பக்கம் சொடுக்கென்று பூட்டிக்கொண்டாலும், தாழ்ப்பாள் இல்லாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடும். பவர் சப்ளையை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனைகளிலும் கட்டைவிரலால் சீராக அழுத்துங்கள். தங்கநிறத் தொடுமுனைகள் வெளியே தெரியக்கூடாது.

அப்போதும் திரை வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை ஏ2-இல் வைத்து இயக்கிப் பாருங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. இரண்டும் தனித்தனியே வேலை செய்து, பி பக்கத்தில் எதை வைத்தாலும் இயங்கவில்லை என்றால், ஐயம் ரேமிலிருந்து செயலியின் பக்கம் திரும்ப வேண்டும். நான் முன்பு அசெம்பிள் செய்த ஒரு கணினியில் பி தடம் மட்டும் உயிர் பெறவே இல்லை. மூன்று நாள் ரேமையே மாற்றி மாற்றிப் பார்த்த பின்பு செயலியைத் தூக்கியபோதுதான், ஓரத்தில் ஒரு பின் (ஊசி போன்ற இணைப்புக் கம்பி) வளைந்திருப்பது தெரிந்தது. உங்கள் செயலியில் பின்கள் செயலியின் அடியிலேயே இருப்பவை என்பதால், அந்த நிலை வந்தால் மிகுந்த பொறுமையுடன் கழற்றுங்கள்.

கேட்டவர்

நான்காவது ஸ்லாட்டில் இருந்த ரேம்தான் ஒரு முனையில் இறங்காமல் இருந்தது. அழுத்தியதும் திரை வந்துவிட்டது. பிறகு எக்ஸ்எம்பியையும் இயக்கினேன். சிபியு-இசட் இப்போது டூயல் என்றும், ஏறத்தாழ 1600 மெகாஹெர்ட்ஸ் என்றும் காட்டுகிறது. விளையாட்டுகளில் உள்ள மாற்றம் கண்கூடாகத் தெரிகிறது. மீதமிருப்பது கூடுதல் 16 ஜிபி பற்றிய கேள்வி மட்டுமே.

மறுமொழி 1

மகிழ்ச்சி. முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இயக்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தால்கூட அந்த வேகம் உங்கள் கணினிக்கு ஏற்றதில்லை.

காலி ஸ்லாட்டுகளில் இன்னும் இரண்டு 8 ஜிபி ரேம்களைச் சேர்த்தாலும் அது டூயல் சேனல்தான்; நான்கு ரேம் என்பதால் நான்கு சேனல் ஆகிவிடாது. தடத்துக்கு இரண்டு ரேம் வரும்போது கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது. உங்கள் செயலிக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேம்களுக்கு 3200. ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ரேமில் ஒன்றாக இயங்கும் சிப்புகளின் தொகுதி) ரேம்கள் நான்கு என்றால் 2933, இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2667. அதற்கு மேலும் பலருக்கு ஓடுகிறது, ஆனால் அதற்கு உத்தரவாதமில்லை. தனித்தனியே வாங்கிய இரு ஜோடிகள் ஒரே பெயரில் இருந்தாலும், உள்ளிருக்கும் சிப்புகள் வேறாக இருக்கக்கூடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஜோடியைக் கொடுத்துவிட்டு, இரண்டு 16 ஜிபி ரேம்கள் கொண்ட புதிய ஜோடியை அதே ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் பொருத்துவேன்.