விடுதி மாணவர் வாழ்க்கையை வெறுத்துப் பேசினால் மென்டர் ஆசிரியர் எதுவரை போகலாம்?

கேள்வி: உதவிப் பேராசிரியர், பொறியியல் கல்லூரி

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பணியாற்றுகிறேன். எங்கள் துறையில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இருபது மாணவர்களை மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) முறையில் ஒப்படைத்திருக்கிறார்கள். அதற்கான பதிவேட்டில் வருகை விழுக்காடு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், அரியர் எண்ணிக்கை, பெற்றோரை அழைத்த தேதி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. மாணவர் எப்படி இருக்கிறார் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

என் பொறுப்பில் உள்ள மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் விடுதியில் தங்கிப் படிக்கிறார். தந்தை விசைத்தறித் தொழிலாளி; குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவர்தான்; கல்விக் கடன் இருக்கிறது. வருகை குறைந்ததைப் பற்றிக் கேட்க அழைத்தபோது, நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எல்லாம் ஒரேயடியா முடிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுது சார்" என்றார். அடுத்த நொடியே, "சும்மா சொன்னேன், வீட்டுக்குச் சொல்லிடாதீங்க" என்று கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் கல்லூரிக்கு வாரம் ஒரு நாள் கவுன்சலர் ஒருவர் வருகிறார். அவருக்கு ஒதுக்கப்பட்ட அறை முதல்வர் அலுவலகத்தை ஒட்டியிருக்கிறது. உள்ளே போகிறவரைக் கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். இந்த மாணவர் அங்கே போக மாட்டார். நான் இந்தப் பேச்சை மறுபடி எடுத்தால், இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாகி விடுமோ என்று அஞ்சுகிறேன். பெற்றோருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதும் விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: கல்லூரி மனநல ஆலோசகர்

வணக்கம் ஐயா. உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை என்பது இத்துறையில் பல ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவருக்கு, ஒருவர் பதறாமல் கேட்பதே பாதி ஆறுதலாக இருக்கும். ஆகவே நாளை வரை காத்திருக்காமல் இன்றே அவரைப் பாருங்கள். துறை அறையில் மற்ற ஆசிரியர்கள் காதில் விழும்படி வேண்டாம். வகுப்பு முடிந்த ஆய்வகமோ மைதானத்து மரத்தடியோ போதும்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்கு மனசுல நிக்குது. தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைப்பு வருதாப்பா?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். "அந்த மாதிரி முட்டாள்தனமா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்தக் கேள்வியே அதைத்தான் எதிர்பார்க்கிறது. ஆம் என்று சொன்னால் மேலும் மூன்று செய்திகள் உங்களுக்குத் தெரிய வேண்டும்: எப்படி, எப்போது என்று ஏதேனும் முடிவு செய்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவரைத் தனியே அறைக்கு அனுப்பாதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களோ வார்டனோ உடன் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

திட்டமெதுவும் இல்லை, ஆனால் எண்ணம் வந்து போகிறது என்றால், சுவரொட்டியில் உள்ள எண்ணைக் காட்டி, "இதுக்குப் பேசு" என்று அனுப்பிவிடுவது போதாது. அருகில் உட்கார்ந்து 14416 என்ற எண்ணை அவர் கைபேசியிலேயே அழைக்கச் செய்யுங்கள். அது ஒன்றிய அரசின் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். அவர் பேசத் தொடங்கியதும் நீங்கள் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளலாம். அரசு எண் என்றால் தயங்குகிற மாணவர்களுக்கு, சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவரும் ஸ்நேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணை நான் தருவது வழக்கம்.

இரகசியத்தைப் பற்றி: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "நீ சொல்வதை வகுப்பில் யாரிடமும் பேச மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வேன், அதையும் உனக்குத் தெரிவித்துவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் இதே வரம்புதான்.


பதில்: விடுதி வார்டன், ஓய்வு பெற்றவர்

ஆலோசகர் அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரிதான். ஆயினும் பெற்றோர் பற்றிய இடத்தில் மென்மையாகக் கடந்துவிட்டார் என்று கருதுகிறேன். பிள்ளையை நம்பி விடுதியில் விட்டவர்கள் அவர்கள். ஏதேனும் நடந்துவிட்டால், "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்தத் தாய் கேட்கும்போது எந்த விதிமுறையும் துணைக்கு வராது. மாணவர் அப்படிப் பேசினார் என்று தெரிந்த அன்றே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. எழுத்தில் பதிவும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நிர்வாகம் பழியை ஆசிரியர் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வார்டன்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: அவரைத் தனி அறைக்கு மாற்றிவிடாதீர்கள். பல விடுதிகளில் "ஓய்வாக இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு செய்வது இதுதான். அறைத் தோழர்களில் நிதானமான ஒருவரிடம், காரணத்தை விரிக்காமல், "ரெண்டு நாள் சாப்பாட்டுக்கு அவனையும் கூப்பிட்டுக்கோ" என்று மட்டும் சொல்லி வையுங்கள். மெஸ் பதிவேட்டையும் பாருங்கள். வகுப்புக்கு வராதவரை ஆசிரியர் கவனிக்கிறார். இரவு உணவுக்கு வராதவரை எவரும் கவனிப்பதில்லை.


பதில்: கல்லூரி மனநல ஆலோசகர்

வார்டன் ஐயாவின் கவலை நியாயமானது. மெஸ் பதிவேடு பற்றிச் சொன்னது பயிற்சி வகுப்புகளில்கூட வராத நல்ல குறிப்பு. ஆனால் பெற்றோருக்குச் சொல்வது என்பது எல்லா வீட்டிலும் ஒரே பலனைத் தருவதில்லை. அடிப்பதும், "இதுக்கா கடன் வாங்கிப் படிக்க வெச்சேன்" என்று அழுவதும், அடுத்த பேருந்தில் வந்து பெட்டியைக் கட்டி அழைத்துப் போவதும் நடக்கின்றன. காதல், சாதி, கடன், பாலியல் தொல்லை ஆகியவற்றில் எது காரணமோ, அதில் வீட்டாருக்கே பங்கிருக்கும் சூழலும் உண்டு. மாணவரிடம் கேட்காமல் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டார்.

ஆகவே, உயிராபத்து உடனடியாக இருக்கும் நிலையைத் தவிர, "வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்கு ஆதரவாக இருக்கும்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். அக்கா, தாய்மாமன், சித்தி என்று ஒருவர் பெயர் பெரும்பாலும் வரும். தொலைபேசியில் அவரிடம், "தம்பிக்கு மனச்சோர்வு இருக்கிறது, சிகிச்சை தேவைப்படுகிறது, நேரில் வாருங்கள், திட்ட வேண்டாம்" என்ற அளவில் பேசினால் போதும். அரியர் கணக்கையும் வருகைக் குறைவையும் அதே அழைப்பில் சேர்க்க வேண்டாம். மென்டர்கள் பழக்கத்தால் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். கேட்கிறவர் காதில் அது மட்டும்தான் விழுகிறது.

உடனடி ஆபத்து என்றால், மாணவர் மறுத்தாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தில் எனக்கும் வார்டன் ஐயாவுக்கும் வேறுபாடில்லை.


பதில்: மனநலப் பட்டமேற்படிப்பு மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

மருத்துவமனைக்கு அழைத்து வந்தால் போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற தயக்கம் கல்லூரிகளில் பரவலாக இருப்பதால் இதை எழுதுகிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று சொல்லி மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு வருவதற்கும் காவல்துறைக்கும் தொடர்பே இல்லை. முயன்றவர்கள் விஷயத்திலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115ஆம் பிரிவின்படி, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. பொது ஊழியரைப் பணிய வைப்பதற்காகவோ தடுப்பதற்காகவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டுமே அதில் குற்றம்.

எங்களிடம் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலர் அஞ்சுவது நோயைவிட இந்தத் தெரியாமைக்குத்தான். காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். காத்திருப்பு நீளும், கூட்டத்தில் பாதிப் பேர் தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் மதுப் பழக்கத்துக்கும் வந்தவர்களாக இருப்பார்கள். முதலில் தூக்கம், பசி, கவனம், குடிப்பழக்கம், குடும்பத்தில் யாருக்கேனும் இப்படி இருந்ததா என்றெல்லாம் கேட்போம். எல்லோரையும் உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை, எல்லோருக்கும் மாத்திரையும் தருவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கினால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். உங்களைப் போன்ற ஆசிரியர் மருத்துவரைவிட அதிகம் செய்யக்கூடிய காலம் அதுதான்: மறுபரிசோதனை நாளன்று வகுப்பிலிருந்து கேள்வி கேட்காமல் அனுப்புங்கள், போய் வந்தாரா என்று பாருங்கள். உள்நோயாளியாக இருந்து திரும்புகிறவர் என்றால் முதல் சில வாரங்கள் ஆபத்து கூடுதலான காலம். தெளிந்துவிட்டார் என்று அப்போது கவனத்தைக் குறைத்துவிடக் கூடாது.


பதில்: முன்னாள் மாணவி, தற்போது மென்பொருள் துறையில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். கவுன்சலரிடம் பேசினால் மனம் லேசாகும் என்பது உண்மை. ஆனால் பேசி முடித்து வெளியே வந்தாலும் வருகை 68 விழுக்காடுதான், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமைதான். அந்த முடிச்சை அவிழ்க்க எந்த ஆலோசகராலும் முடியாது, உங்களால் முடியும். அண்ணா பல்கலைக்கழக விதிகளில், 75 விழுக்காட்டுக்குக் குறைந்து 65 வரை உள்ளவர்களுக்கு மருத்துவக் காரணத்தின் பேரில் காண்டனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத அனுமதி, வழங்க இடமிருக்கிறது. அதற்கும் கீழே போய்விட்டால், முன் அனுமதியோடு படிப்பை இடையில் நிறுத்தி மீண்டும் சேரும் வழியும் இருக்கிறது; தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பதே பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. "ஒரு செமஸ்டர் போனால் எல்லாம் போச்சு" என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கவுன்சலர் அறை பற்றி எழுதியிருந்தீர்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான சுக்தேப் சாஹா வழக்கில் வழங்கிய நெறிமுறைகள், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்கின்றன. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறை பயிற்சி தரவும், உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் தெரியும்படி வைக்கவும் சொல்கின்றன. முதல்வரிடம் பேசும்போது இந்தத் தேதியைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். அறையை நூலகத்தின் பின்பக்கத்துக்கு மாற்றக் கேட்பது அவ்வளவு பெரிய கோரிக்கை அல்ல. அதே தீர்ப்பு எடுத்துக்காட்டும் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2022இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர்; தேர்வுத் தோல்வி காரணமாக என்று பதிவானவை 2,248. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் உங்கள் மென்டர் பதிவேடு எதையெல்லாம் தவறவிடும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.


கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவரிடம் நேராகவே கேட்டேன். எண்ணம் இருப்பதாகவும் திட்டமெதுவும் இல்லை என்றும் சொன்னார். என் முன்னால் அமர்ந்து 14416க்குப் பேசினார். அரசு மருத்துவமனைக்கு வரவும் இசைந்திருக்கிறார். வீட்டில் அக்காவிடம் சொல்லலாம் என்றார். காரணம் படிப்பு அல்ல என்பது மட்டும் தெரிந்தது; அதற்கு மேல் நான் தோண்டவில்லை. காண்டனேஷனுக்கு மருத்துவச் சான்றிதழ் வைத்தால் துறை முழுவதும் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறார். அதற்கு என்ன செய்யலாம்?


பதில்: மனநலப் பட்டமேற்படிப்பு மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

நோயின் பெயரை விரிவாக எழுதாமல், சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஓய்வு தேவைப்பட்டது என்ற அளவில் எழுதித் தரும்படி பார்க்கிற மருத்துவரிடம் மாணவரே கேட்கலாம். வராத நாள்களுக்கெல்லாம் பின்தேதியிட்டு எழுதித் தர மாட்டோம். ஆகவே முதல் வருகையைத் தள்ளிப்போடாதீர்கள். முத்திரையில் மனநலத் துறை என்று இருக்கத்தான் செய்யும். எனவே சான்றிதழை வகுப்புப் பிரதிநிதி வழியாகவோ அலுவலக ஊழியர் வழியாகவோ அனுப்பாமல், உறையில் இட்டு ஒட்டித் துறைத்தலைவரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். துறை வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடும் பழக்கம் உங்கள் கல்லூரியிலும் இருந்தால், இதற்கு அது வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.