மவுண்ட், அன்மவுண்ட்: ‘கொழுவு’, ‘விடுவி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மவுண்ட் என்பது ஒரு வட்டின் கோப்புகளைத் திறந்து பாவிக்கும்படி அதைக் கணினியின் கோப்பு மரத்தில் சேர்ப்பது; அன்மவுண்ட் அதன் எதிர். இவற்றைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று கேட்கும் இந்த இழையில் இதுவரை வந்த சோடிகள் நான்கு: ஏற்று–இறக்கு, இணை–துண்டி, மாட்டு–கழற்று, பொருத்து–அகற்று. வட்டு மேலாண்மைச் செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து, நான்கையும் மாறி மாறிப் போட்டு நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தனியே வைத்துப் பார்த்தால் எல்லாச் சொல்லும் அழகுதான். பொத்தானிலும் பிழைச்செய்தியிலும் போய் உட்காரும்போதுதான் அதனதன் குணம் தெரிகிறது.

ஏற்று–இறக்கு முதலில் கழிகிறது. பதிவேற்றமும் பதிவிறக்கமும் அந்த இரண்டு சொல்லையும் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டன. இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியனிடம் “வன்தட்டை இறக்கு” என்று சொன்னால் டேட்டா எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்ப்பான். இணை–துண்டி வலையமைப்புக்குரியது. அது போதாதென்று, கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் கோப்பு முறைமைக்குள்ளேயே லிங்க் என்பதையும் இணைப்பு என்றுதான் எழுதி வருகிறோம். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு. இன்னும் ஒன்றை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

சென்னை நண்பர் சொன்ன மாட்டு எனக்குப் பிடித்திருந்தது. சட்டையை மாட்டு, கண்ணாடியை மாட்டு என்று புழங்குகிற சொல். ஆனால் மவுண்ட் பொயின்ட் (வட்டு வந்து சேரும் கோப்புறை) வரும்போது ‘மாட்டுப்புள்ளி’ ஆகிறது. மாட்டுக்குக் குறி சுடுகிற இடமா என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் வகுப்பில் நின்று பதில் சொல்ல வேண்டும். பொருத்து பலமான சொல், அதற்குப் பிறகு வருகிறேன். அதன் சோடிதான் உதைக்கிறது. மென்பொருளை அகற்று, பயனர் கணக்கை அகற்று என்று பத்து இடத்தில் எழுதிவிட்டு, கல்யாணப் படங்கள் நிறைந்த 1 டெராபைட் வன்தட்டுக்குப் பக்கத்திலும் ‘அகற்று’ என்றொரு பொத்தானை வைத்தால் யார் துணிந்து அழுத்துவார்?

சரி, மவுண்ட் என்றால் உள்ளே நடப்பது என்ன? வட்டிலே எந்த வகைக் கோப்பு முறைமை இருக்கிறது, எக்ஸ்ட்4 ஆ, என்டிஎப்எஸ் ஆ, எக்ஸ்பாட் ஆ என்று கருநிரல் (முறைமையின் மையமான கேர்னல்) பார்க்கிறது. அதன் தலைப்புத் தகவலை வாசிக்கிறது. போன தடவை ஒழுங்காக மூடப்பட்டதா என்று சோதிக்கிறது. கடைசியாக, அந்த வட்டின் கோப்பு மரம் முழுவதையும் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையில் தொங்கவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கோப்புறைக்குள் போனால் வட்டுக்குள் போகிறோம். சோதிப்பது சும்மா சம்பிரதாயம் இல்லை. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினிகள் எழுதிக்கொண்டிருந்த பாதியிலேயே அணைந்தன. மின்சாரம் வந்து கணினியைப் போட்டால், எக்ஸ்ட்4 செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் குறிப்பேட்டைப் புரட்டி, முடிந்த மாற்றங்களை நிறைவேற்றி, முடியாதவற்றைத் தள்ளிவிட்டு எழும்பும். அந்த வேலை நடப்பது மவுண்ட் செய்யும் அந்தக் கணத்தில்தான். ஆகவே கம்பியைத் துளைக்குள் செருகுவது வேறு, இது வேறு.

ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாய்ப் போனதற்குக் காரணம் உண்டு. மவுண்ட் கட்டளை 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது. யுனிக்ஸை உருவாக்கிய தொம்சனும் ரிச்சியும் 1974 இல் எழுதிய கட்டுரையில் தங்கள் பிடிபி-11 கணினியை விவரிக்கும்போது, அதன் நான்கு வட்டு இயக்கிகளில் கழற்றி மாற்றக்கூடிய பேழை ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட் என்கிறார்கள். அந்த நாளில் வட்டுப் பேழையையோ நாடாச் சுருளையோ ஒரு ஆள் கையால் தூக்கி இயக்கியில் வைப்பார், அதுவும் மவுண்ட். பிறகு கணினியிடம் “வைத்தாயிற்று, பார்த்துக்கொள்” என்று கட்டளை தட்டுவார், அதுவும் மவுண்ட். கையின் வேலைக்கும் கணினியின் வேலைக்கும் அவர்கள் ஒரே பெயர் வைத்தார்கள் என்பதற்காக நாமும் அப்படியே வைக்க வேண்டுமா? (கழற்றும் கட்டளைக்கு ‘யுமவுண்ட்’ என்று பெயர் வைத்து ‘என்’ எழுத்தை விழுங்கியவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு புது மாணவனும் அதில் ஒரு தடவை இடறுவான்.)

என் முன்மொழிவு: மவுண்டுக்குக் கொழுவு. அன்மவுண்டுக்கு விடுவி. கழற்று என்ற சொல்லைக் கைக்கே விட்டுவிடுவோம்.

கொழுவு என்பது யாழ்ப்பாணத்தில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல். சட்டையைக் கொழுவி விடு என்போம். லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) பெட்டியைக் கொழுவு என்போம். ஒரு கொளுக்கியில் இன்னொன்று தொங்கி நிற்கும். இரண்டும் தனித்தனிதான், ஆனால் சேர்ந்து இழுபடும். வட்டின் மரம் கோப்புறையில் நிற்பதும் அப்படித்தான். மவுண்ட் பொயின்ட் கொழுவிடம் ஆகும். “வன்தட்டின் கொழுவிடம் எது?” என்று கேட்டால் நாக்கு இடறாது. ஓட்டோமவுண்ட் தானாகக் கொழுவல், ரீமவுண்ட் மீளக்கொழுவல். வின்டோஸ் பக்கம் ‘டி’, ‘ஈ’ என்று எழுத்துக் கொடுப்பதே பழக்கம் என்றாலும், வின்டோஸ் 2000 இலிருந்து என்டிஎப்எஸ் வட்டில் வெறுமையான ஒரு கோப்புறையையும் கொழுவிடமாக வைக்க முடியும். அங்கேயும் சொல் பொருந்துகிறது.

இனி விடுவி. எனக்கு இந்தச் சொல்தான் முக்கியம். கொழுவுக்காகக்கூட நான் இவ்வளவு வாதாட மாட்டேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பரமேஸ்வராச் சந்தியடியில் பிரிண்ட் எடுக்கிற கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வரிசையில் நிற்கிற எல்லார் கையிலும் ஒரு பென்ட்ரைவ் இருக்கும். கோப்பு ஏறி முடிந்ததாகத் திரை காட்டும். “அண்ணை, கழட்டட்டோ?” என்று ஒரு பொடியன் கேட்பான். கடைக்காரர் திரையைப் பாராமலே பென்ட்ரைவின் நுனியில் மினுங்குகிற விளக்கைப் பார்ப்பார். “பொறும் தம்பி, அது இன்னும் விடேல்லை.”

அவர் கருநிரல் படித்தவர் இல்லை. ஆனால் சொன்னது அச்சொட்டாகச் சரி. கோப்பை நகலெடுக்கும்போது லினக்ஸ் தரவை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, “முடிந்தது” என்று செயலிக்குச் சொல்லிவிடும். வட்டுக்கு எழுதுவது பின்னாலே ஆறுதலாக நடக்கும். பொதுவான அமைப்பில், நினைவகத்தில் 30 வினாடி பழசாகிவிட்ட தரவைத்தான் இனிக் கட்டாயம் எழுதவேண்டும் என்று கணக்கெடுக்கும். பெரிய வீடியோவும் மலிவு பென்ட்ரைவும் சேர்ந்தால், திரையில் நூறு வீதம் வந்த பிறகும் எழுத வேண்டியது நிறையக் கிடக்கும். அன்மவுண்ட் என்பது அந்த மிச்சம் முழுவதையும் எழுதி முடித்து, குறிப்புகளை மூடி, “இது ஒழுங்காக மூடப்பட்டது” என்று வட்டிலேயே அடையாளம் இட்டு, பிறகு கையை எடுப்பது. வின்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து வெளிவட்டுகளுக்கு, உடனுக்குடன் எழுதிவிடுகிற ‘விரைவாகக் கழற்றும்’ முறையே இயல்பாக வைக்கப்பட்டிருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. குறைவுதான், நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் எந்த முறையும் காப்பாற்றாது.

இந்த இடத்தில் ‘கழற்று’ என்று பொத்தானில் எழுதினால் என்ன நடக்கும்? இங்கே கழட்டு என்றால் கையால் பிடித்து இழு என்று அர்த்தம். பொத்தானை அழுத்திய விரல் அப்படியே பென்ட்ரைவுக்குப் போகும். ‘விடுவி’ என்று எழுதினால் கணினி விடவேண்டும், பிறகு நான் கழற்றவேண்டும் என்று இரண்டு படி தானாகவே விளங்குகிறது. டிவைஸ் பிஸி என்ற பிழைக்கும் இது பொருந்தும்: ஏதோ ஒரு செயலி அந்த வட்டிலுள்ள கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் விடுவிக்க முடியவில்லை. பிடித்திருப்பது யார் என்று தேடினால் பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள் திறந்து மறந்துபோன, கட்டளை தட்டுகிற ஒரு முனையச் சாளரமாகத்தான் இருக்கும்.

“அப்படியென்றால் பென்ட்ரைவைக் கொழுவு என்றும் யாழ்ப்பாணத்தில் கையைத்தானே சொல்கிறீர்கள், அங்கே மட்டும் குழப்பம் இல்லையா?” என்று கனடாவிலிருந்து இந்த இழையில் எழுதும் ஐயா கேட்பார் என்று தெரியும். குழப்பம் உண்டு. ஆனால் உள்ளே போகிற வழியில் அந்தக் குழப்பத்தால் ஒன்றும் கெடாது. செருகியவுடன் மேசைக்கணினி தானாகவே கொழுவிவிடுகிறது. இரண்டும் ஒரே மூச்சில் நடக்கின்றன. கொழுவாவிட்டால் கோப்பு தெரியாது, அவ்வளவுதான். வெளியே வருகிற வழியில்தான் கோப்பு போகிறது. சொல் கூர்மையாக இருக்க வேண்டியதும் அந்தப் பக்கத்தில்தான்.

ஐயாவின் மற்றக் கேள்வி, கொழுவல் என்றால் சண்டை அல்லவா என்பது. ஓம், “அவனோட கொழுவிப்போட்டு வந்தவன்” என்போம். ஆனால் ‘அவனோட’ என்று ஆள் வந்தால்தான் சண்டை. வட்டும் கோப்புறையும் வந்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். பேச்சு வழக்கு, கொச்சை என்ற குறையையும் நான் ஏற்கவில்லை. மவுண்ட் என்பதே கணினி அறையில் வட்டுத் தூக்கியவர்களின் பேச்சிலிருந்து வந்த சொல்தானே. எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு முடிவு வேண்டும்: கொளுக்கியோடு சேர்த்து ‘கொளுவு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அகராதிகளிலும் அந்த வடிவம் உண்டு. இங்கே நாங்கள் எழுதுவது ‘கொழுவு’. எதுவானாலும் ஒன்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் தேடினால் அகப்படாது.

தமிழ்நாட்டு வாசகருக்குக் கொழுவு விளங்காது என்பதுதான் உண்மையான தடை. இலங்கைத் தமிழுக்கு லினக்ஸில் தனி இடவமைவு (நாட்டுக்கும் மொழிக்கும் ஏற்ற அமைப்பு, லொகேல்) உண்டு, வேண்டுமானால் அதில் நீங்கள் தனியே வையுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். ஏற்கெனவே ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இங்கே பாடநூலில் பணிசெயல் முறைமை, அங்கே இயங்குதளம் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லைத் தேடுகிறார்கள். மொழிபெயர்க்க வருகிற கையளவு ஆட்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாய்க் கிடக்கும். கொழுவு கரை தாண்டாது என்று பெரும்பான்மை நினைத்தால் பொருத்து–விடுவி என்று வையுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். பொருத்திடம் என்பதும் கேட்க மோசமில்லை. அகற்று, கழற்று இரண்டையும் அன்மவுண்டுக்கு வைப்பதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

பார்ட்டிஷன் டேபிளுக்குத் ‘தோம்பு’ என்று எழுதியிருந்தவருக்கு ஒரு வரி. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை வன்தட்டுக்குக் கொண்டுவந்தது எனக்கு நல்லாய்ப் பிடித்தது. எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைக்கிற ஏடுதானே இரண்டும். இப்படிச் சொன்னால் காணி வழக்குப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதற்குள் வேண்டாம்.

நான் நிரப்பிய செய்திகளில் சில, பார்த்துத் திருத்துங்கள்:

“தரவு எழுதப்படுகிறது. விடுவிக்கும் வரை கழற்ற வேண்டாம்.”
“வட்டு விடுவிக்கப்பட்டது. இனிக் கழற்றலாம்.”
“விடுவிக்க முடியவில்லை: வட்டு பாவனையில் உள்ளது.”
“வின்டோஸ் முழுமையாக அணைக்கப்படவில்லை. வட்டு வாசிக்க மட்டும் கொழுவப்பட்டது.”

மூன்றாவதில் ‘பாவனை’ சென்னைக்கு நடிப்பு மாதிரிக் கேட்குமாம். ‘பயன்பாட்டில்’ என்று மாற்றுங்கள், எனக்குப் பிடிவாதம் இல்லை. நான்காவது, அணைக்கும்போது முழுதாக அணையாத, வின்டோஸ் 8 இலிருந்து வந்த விரைவுத் தொடக்க வசதியால் ஒரே கணினியில் இரண்டு முறைமை வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற செய்தி. அதை இன்னும் சுருக்க முடிந்தால் நல்லது.

எனக்கு அகப்படாமல் கிடப்பது லேசி அன்மவுண்ட். மரத்திலிருந்து பெயரை உடனே எடுத்துவிட்டு, பிடித்திருக்கிற செயலிகள் ஒவ்வொன்றாய் விட்ட பிறகு உள்ளே முழுதாக மூடுகிற வேலை அது. ‘சோம்பல் விடுவிப்பு’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ‘பிந்தி விடுவி’ என்றால் பெயர் உடனே போவது விளங்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது ஒன்று சொன்னால் இந்தக் கோப்பை முடித்து அனுப்பிவிடுவேன். இல்லாவிட்டால் அந்த வரியை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டு அனுப்புகிறேன்.